லண்டன் மண்ணுக்கடியில் ஒரு குளியலறை

ஹீத்ரோவில் குடியேற்ற அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே, "என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"உடைந்த சட்டி வரைய" என்றேன்.

கரூரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆங்கில வாக்கியம் வேறு. அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து அழைப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பிரிட்டனில் ரோமர் ஆட்சியின் கடைசி நூற்றாண்டில் புழங்கிய சமையல் பாத்திரங்களை வரையும் ஐந்து நாள் பயிலரங்கு. படித்துவிட்டு, "எங்கள் ஊர் ரோமானியச் சட்டியை வரைய இந்தியாவிலிருந்தா?" என்றார்.

"எங்கள் ஊரிலும் ரோமாபுரி ஜாடி கிடைக்கிறது. இருபது வருடமாக வரைகிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அகழாய்வில் பானை ஓடு கிடைத்தால் அதைக் கழுவி, எண் போட்டு, விளிம்பின் வளைவை அளந்து, முழுப்பானை எப்படி இருந்திருக்கும் என்று காகிதத்தில் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் நான். ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்து வேலை கிடைக்காமல் இருந்தபோது, ஒரு கோடைக்காலத்துக்கு மட்டும் என்று போனேன். அப்படியே நின்றுவிட்டேன். கப்பலில் வந்திறங்கிய மது ஜாடிகளின் கைப்பிடி, கழுத்து, அடிப்பாகம் என்று ஆயிரக்கணக்கில் வரைந்தாயிற்று. பயிலரங்கை நடத்தும் ஹெலன் என்ற அம்மையார் ஏதோ ஓர் அறிக்கையில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, வரைந்தது யார் என்று விசாரித்து எழுதியிருந்தார். எங்கள் இயக்குநர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்திராணி, உன்னையத்தான் கூப்புடறாங்க" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நின்றுகொண்டே போனேன்.

தங்கியது தெற்கு லண்டனில், மிச்சத்தில். ஊரின் பெயரே அதுதான். எங்கள் அகழாய்வில் ஓடு கழுவிய பிலோமினா அக்கா, மன்னாரிலிருந்து அகதியாக வந்து கரூர் முகாமில் இருப்பவர். அவருடைய தங்கை குளோரியாவின் வீடு அது. நான் உள்ளே நுழைந்து கைகால் கழுவுவதற்குள் மேசையில் இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்துவிட்டன.

"கூச்சப்படாமச் சாப்பிடுங்கோ. ஊரின்ர பேர்தான் மிச்சம். தட்டில மிச்சம் வைக்கக் கூடாது" என்றார் குளோரியா. அவர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறார். கணவர் அன்ரன் டைல் பதிப்பவர். மன்னாரிலிருந்து பாரிசுக்குப் போய் அங்கே தொழில் பழகி, பிறகு லண்டன் வந்தவர். சொந்த வேன், கூட இரண்டு ஆட்கள். மகள் ஷரோன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னை "ஆன்ட்டி" என்றும் மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் சொன்னாள்.

முதல் நாள் காலையில் சாலையின் தவறான பக்கம் நின்று பேருந்து ஏறினேன். மாடியில் முன் இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன். ஸ்ட்ரெதம் என்று பலகை வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் நெற்றியில் விபூதியோடு ஓர் அம்மா இருந்தார். தமிழிலேயே கேட்டேன்.

"ஐயோ பிள்ளை, நீர் எதிர்ப்பக்கம் நிண்டிருக்க வேணும். இப்ப இஞ்ச இறங்கும். ரெயில் எடுத்தால் கெதியாப் போகலாம். நானும் இறங்கத்தானே வேணும், வாரும்" என்று நிலையத்துக்குள் கொண்டுவிட்டு, நான் படியேறும்வரை நின்று பார்த்தார். எங்கள் ஊரில் "நீர்" என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்று அர்த்தம். இங்கே அது செல்லம்.

அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தட்டு, தட்டில் நுரைப்பஞ்சின்மேல் ஓடுகள். ஹெலன் என் தாமதத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "உங்களுக்காக ஒன்று எடுத்து வைத்தேன்" என்று ஒரு சமையல் பானையின் பாதியைக் கையில் கொடுத்தார்.

கறுப்பாக, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அடியில் கரி. ஆயிரத்து அறுநூறு வருடம் மண்ணில் கிடந்தும் போகாத அடுப்புக் கரி. விரலால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஓடுகளிலும் இதே கரிதான். யாரோ ஒருத்தி கஞ்சியோ கீரையோ வைத்து, பொங்கி வழிந்து, துடைக்காமல் விட்ட தடமும் விளிம்பில் இருந்தது. பானையின் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரிக் கோடு கிழித்திருந்தார்கள். பழைய பானையில் அந்த வலைக் கட்டங்கள் உயரமாக நிற்கும், பிற்காலத்தில் அகலமாகப் படுத்துவிடும் என்று ஹெலன் காட்டினார். அதை வைத்தே காலம் சொல்லலாமாம். எனக்கு அது போதும். கோட்டைப் பார்த்து ஆளைப் படிப்பதுதானே என் பிழைப்பு.

மாலைக்குள் நான்கு பானை முடித்தேன். மற்றவர்கள் ஒன்று, ஒன்றரை. பக்கத்து மேசைப் பெண் என் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அளவுகோல் எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டாள். "கண்ணில்" என்றேன். பெருமைதான். மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் சில்லறைச் சாமான்கள் வந்தன. இரண்டு பக்கமும் பல் வைத்த எலும்புச் சீப்பு. ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் பேனுக்கு. ஆணி அடித்த செருப்பு அடித்தோல். குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. போட்டவர் கொஞ்சம் சாய்ந்து நடந்திருக்கிறார். உள்பக்கம் முழுக்கப் பொடிக்கல் பதித்த கனமான மண்கிண்ணம், மசாலை அரைக்க. உள்ளே கல் தேய்ந்து வழவழப்பாகிக் கிடந்தது. "இதில் மிளகும் அரைத்திருப்பார்கள்" என்றார் ஹெலன். "எங்கள் பக்கத்து மிளகு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று மதியம் அவர்கள் கொடுத்தது குளிர்ந்த ரொட்டிக்குள் வெள்ளரிக்காய். குளோரியா கட்டிக் கொடுத்த புட்டும் மீன் பொரியலும் என் பையில் இருந்தன. வாசம் வருமே என்று தயங்கித் திறந்தேன். மற்றவர்கள் ருசி பார்த்ததில் கடைசியில் எனக்குப் பாதிதான் கிடைத்தது.

மூன்றாம் நாள்தான் நான் சொல்ல வந்த நாள்.

நகரத்தின் நடுவில், ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் மேலே, ஓர் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் ரோமர் வீடு ஒன்றின் குளியலறை இருக்கிறது. கடைசிவரை ஆட்கள் புழங்கிய வீடு. அங்கே எங்களைக் கூட்டிப்போவதாக ஹெலன் சொல்லியிருந்தார். முந்தைய இரவு அடித்த காற்றில் தண்டவாளத்தின்மேல் மரம் சாய்ந்து, காலையில் டிராம் ஓடவில்லை. நிறுத்தத்தில் கூட்டம் கைப்பேசியைத் தட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து குளோரியாவிடம் சொன்னேன்.

"அன்ரன்! நீங்கள் அந்தப் பக்கம்தானே போறியள், இவவை இறக்கி விடுங்கோ" என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார்.

வேனில் முன்னால் நானும், பின்னால் டைல் பெட்டிகளும் வாளிகளும். அன்ரன் அண்ணா அதிகம் பேசமாட்டார். பாதி வழியில், "குளியலறை எண்டால் டைல் இருக்கே?" என்று கேட்டார்.

"இருக்குதுன்னு சொன்னாங்கண்ணா. சின்னச் சின்னச் சதுரமா பதிச்ச தரையாம். நீங்களும் வந்து பாருங்களேன்."

"நானோ? இந்தக் காற்சட்டையோடயோ?" முழங்காலில் காய்ந்த சீமெந்தைத் தட்டிக் காட்டினார். "படிச்ச ஆக்கள் நிக்கிற இடம். நான் இந்த வானுக்குள்ளயே இருக்கிறன்."

ஆனால் இறங்கும்போது ஹெலன் வாசலில் நின்றிருந்தார். "இவர் யார்?" என்றார். "நான் தங்கியிருக்கும் வீட்டு அண்ணன். டைல் பதிப்பவர்" என்றேன். "அப்படியானால் கட்டாயம் வர வேண்டும்" என்று அவரே ஒரு தலைக்கவசத்தை எடுத்து நீட்டினார். வேனை ஒரு மணி நேரம் நிறுத்த இடம் கிடைத்தது. அண்ணா கவசத்தைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் படியிறங்கினார்.

கீழே ஈரமண் வாசம். இரும்பு நடைமேடையில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வெந்நீர் அறை. தரையைத் தாங்கச் சதுரச் செங்கல்லை அடுக்கிச் சின்னச் சின்னத் தூண்கள். அவற்றுக்கு இடையில் அடுப்பின் அனல் ஓடும். அடுத்து குளிர்நீர் அறை. செங்கல் நிறத்தில் கட்டை விரல் அகலச் சதுரங்கள் நெருக்கிப் பதித்த தரை, மூலையில் வடிகால். வடிகாலுக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தரை வேறு மாதிரி இருந்தது. பெரிய சதுரம், சின்னச் சதுரம், கூரை ஓட்டின் துண்டு, ஏதோ சட்டியின் சில்லு எல்லாம் கலந்து போட்ட ஒட்டு.

எங்களோடு வந்திருந்த உயரமான பேராசிரியர் ஒருவர் கைவிளக்கை அந்த ஒட்டின்மேல் அடித்தார். "பாருங்கள், இதுதான் கடைசிக் காலம். நல்ல கைவினைஞர்கள் போய்விட்டார்கள். கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். வீழ்ச்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள்.

என் முதுகுக்குப் பின்னால் அன்ரன் அண்ணாவின் குரல் மெதுவாக வந்தது. "அவர் சொல்லுறது பிழை."

திரும்பினேன். அவர் நடைமேடையில் ஒரு முழங்காலை ஊன்றி, கன்னம் கம்பியில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, தன் கைப்பேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாக அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா?"

"அந்த ஒட்டுப் போட்டவன் வேலை தெரியாதவன் இல்லை. சாமான் இல்லாதவன். வடிவாப் பாருங்கோ. ஒரு துண்டாவது மேல தூக்கிக்கொண்டு நிக்குதே? பழசும் புதுசும் சேருற இடத்தில ஒரு நூல் வித்தியாசம் இல்லை. வாட்டத்தையும் விடேல்லை. தண்ணி ஊத்தினால் இப்பவும் ஓடும்."

"நீங்களே சொல்லுங்கண்ணா."

"என்ர இங்கிலிஷ் காணாது. நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி."

என் ஆங்கிலம் மட்டும் என்ன வாழ்ந்தது. அதோடு ஒரு பயமும் இருந்தது. அண்ணா சொன்னது தப்பாகப் போனால்? பட்டம் இல்லாமல் வந்தவள், தன்னைக் கொண்டுவந்து விட்டவரையும் கூட்டிவந்து பேராசிரியரை மறுத்துப் பேசினாள் என்று ஆகிவிடும். அண்ணாவுக்கும் தலைகுனிவு. அவரைப் பார்த்தேன். அவருக்குச் சந்தேகமே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கினேன். "இவர் முப்பது வருடமாகக் குளியலறைத் தரை போடுகிறவர். இந்த ஒட்டு நல்ல வேலை என்கிறார். வடிகாலை நோக்கிய சரிவு ஒட்டிலும் மாறவில்லை என்கிறார்."

எல்லாரும் திரும்பி அண்ணாவைப் பார்த்தார்கள். பேராசிரியர் கோபப்படவில்லை. "அதை எப்படி இங்கிருந்து சொல்ல முடியும்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அண்ணா காற்சட்டைப் பையிலிருந்து, தரையின் மட்டம் பார்க்கும் ரசமட்டம் ஒன்றை விரல் நீளத்தில் எடுத்தார். மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் சிராய்ப்பு. ஹெலனிடம் நீட்டி, தன் ஆங்கிலத்திலேயே சொன்னார்: "ப்ளீஸ், மேடம். த்ரீ பிளேஸ்."

தரையில் இறங்க அனுமதி உள்ளவர் அங்கே ஹெலன் ஒருவர்தான். காலுக்கு உறை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் ஒட்டுக்கு மேலே, பழைய தரையில் மெல்லிய காகிதம் விரித்து ரசமட்டத்தை வைத்தார். அதனுள் இருந்த காற்றுக்குமிழ் வடிகாலுக்கு எதிர்ப்பக்கமாக விலகி நின்றது. "இங்கே சரிவு இருக்கிறது" என்றார். பிறகு ஒட்டின் நடுவில் வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அதே கோட்டில் நிற்கிறது" என்றார்.

மூன்றாவது, வடிகாலின் வாயருகே. அங்கே குமிழ் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

"அது அப்பிடித்தான் வரும்" என்றார் அண்ணா என்னிடம். "கடைசி வரிசையை ஒரு நூல் தாழப் பதிச்சு வைச்சிருக்கிறான். இல்லாட்டித் தண்ணி வாயில தேங்கி நிக்கும். நாங்களும் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் நடைமேடையில் அண்ணாவுக்குப் பக்கத்தில் வந்து, அவரைப் போலவே முழங்காலிட்டு, கன்னத்தைக் கம்பியில் வைத்தார். அண்ணா தன் கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்கள். எழுந்ததும் பேராசிரியர், "நான் இந்தத் தரையை நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறேன்" என்றார்.

அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நானும் ஒன்றைப் பார்த்தேன். ஒட்டில் பதித்திருந்த சட்டிச் சில்லில் மெல்லிய கோடுகள். வலைக் கோடு. கட்டங்கள் அகலமாகப் படுத்திருந்தன. ஹெலனிடம் சொன்னதும் அவர் மறுபடி குனிந்தார். முதல் நாள் நான் வரைந்த அதே வகைக் கறுப்புப் பானை. ஒட்டு எந்தக் காலத்தில் போட்டது என்பதற்கு அந்தச் சில்லு ஒரு நல்ல சாட்சி என்றார். யார் வீட்டு அடுப்பிலோ கரி பிடித்து, உடைந்து, குப்பைக்குப் போக இருந்ததை ஒருவர் எடுத்துத் தேய்த்து, குளிக்கிறவர் காலில் குத்தாதபடி முகம் மேலே வரப் பதித்திருக்கிறார்.

திரும்பி வரும்போது அண்ணா பேசினார். நான் அந்த வீட்டில் இருந்த நாட்களில் அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"பாரிசில நான் தனியச் செய்த முதல் குளியலறை எங்கட ஆள் ஒருத்தற்ற வீடு. டைல் வாங்க வழியில்லை. முதலாளி எறியச் சொன்ன துண்டுகளைச் சேர்த்து வைச்சிருந்தன். நாலு நிறம். பச்சை, வெள்ளை, சாம்பல், ஒரு மண்ணிறம். பார்க்க வடிவில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணி கீழ் வீட்டுக்குப் போகேல்லை. வந்து பார்த்த ஒருத்தன் சிரிச்சவன், அகதி போட்ட தரை எண்டு." சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தினார். "இண்டைக்கு அந்த ஐயா சொல்ல எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கீழ கிடக்கிறவன் எழும்பி வந்து பதில் சொல்ல மாட்டான்தானே. ஆரும் ஒராள் சொல்ல வேணும்."

நான்காம் நாள் ஹெலனின் அனுமதியோடு அந்த ஒட்டின் புகைப்படங்களையும் அளவுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் குளோரியாவின் சாப்பாட்டு மேசையில் பெரிய காகிதம் விரித்து வரையத் தொடங்கினேன். ஒவ்வொரு துண்டையும் அதன் உருவத்தில் வைத்தேன். அண்ணா வேலையிலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இது முதல் வைச்சது" என்று பெரிய சதுரம் ஒன்றில் விரலை வைத்தார். "ரெண்டு பக்கமும் பழைய தரையைத் தொடுது பாருங்கோ. இதை மட்டமாக்கிப் போட்டுத்தான் மற்றதை வைச்சிருப்பான். கூரை ஓட்டுத் துண்டு கடைசி. இடைவெளிக்கு ஏத்த மாதிரி ஓரத்தைக் கொத்தியிருக்கிறான்."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போட்டேன். சரிவுக்கு அம்புக்குறி. எங்கே எனக்குச் சந்தேகமோ அங்கே அவர் யோசித்தார். தெரியாத இடத்தில் "தெரியேல்லை, விடுங்கோ" என்றார். அதனால்தான் மற்றதை நம்பினேன். ஷரோன் மடிக்கணினியை மூடிவிட்டு வந்து நின்று பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "நான் இதைத்தானே பிள்ளை செய்யிறன்" என்றார் அவர், ஏதோ அவள் மறந்துவிட்டதை நினைவுபடுத்துவது போல. குளோரியா சமையலறையிலிருந்து மீன் குழம்போடு வந்து, மேசையில் இடமில்லாததைப் பார்த்து, எல்லாரும் தட்டைக் கையில் வைத்துச் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் ஒவ்வொருவரும் ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டி விளக்க வேண்டும். எல்லாரும் பானை மாட்டினார்கள். நான் ஒட்டை மாட்டினேன். என் ஆங்கிலத்தில் சிறியதும் பெரியதுமாகத் தடுக்கல் இருந்தது. ஆனால் படம் தடுக்கவில்லை. முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை, ஒரு மனிதர் முழங்காலில் அமர்ந்து எந்த வரிசையில் வேலை செய்திருக்கிறார் என்று விரலால் காட்டிக்கொண்டே போனேன். முடித்ததும் உயரமான பேராசிரியர்தான் முதலில் எழுந்தார். படத்துக்கு அருகே போய் எண்களை ஒன்று, இரண்டு என்று தொட்டுப் பார்த்தார். "வீழ்ச்சி என்று நான் சொன்னதை இதற்கு முன்னால் நின்று சொல்ல முடியாது" என்றார். கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. கரூரில் வெயில் பந்தலில் குனிந்து ஓடு கழுவும் பெண்கள் எல்லாரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

இந்தப் படத்தைப் பயிலரங்கு அறிக்கையில் சேர்க்கப்போவதாக ஹெலன் சொன்னார். பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார்.

"வரைந்தது நான். தரையைப் படித்தது அன்ரன். இரண்டு பெயரும் வர வேண்டும்" என்றேன்.

"நிச்சயமாக. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பதவியும் நிறுவனமும் போடுவது வழக்கம். அவருக்கு என்ன போடட்டும்?"

அண்ணாவைக் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். ஏதோ வீட்டில் வேலையில் இருந்தார். டைல் வெட்டும் இயந்திரம் இரைந்து நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அன்று விடுமுறை என்பதால் ஷரோனும் உதவிக்குப் போயிருந்தாள். அவள் குரல் குறுக்கே வந்தது. "அப்பா, டைரக்டர் என்று போடச் சொல்லுங்கள். கம்பனி உங்கள் பெயரில்தானே இருக்கிறது. அதுதான் நன்றாக இருக்கும்."

ஹெலன் பேனாவோடு காத்திருந்தார்.

"தங்கச்சி," என்றார் அண்ணா, "டைல் பதிக்கிறவன், மிச்சம் எண்டு போடச் சொல்லுங்கோ. அந்த ஒட்டுப் போட்டவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் அப்படியே எழுதினார்.